நெல்லில் சறுக்கினால் சாலை விபத்தா, இல்லையா?

வெண்ணாற்றங்கரையான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "சாலையில் நெல் காயவைப்பதால் யாருக்கும் அடிபடுவதில்லை, மருத்துவமனைப் பதிவேட்டிலேயே 'கீழே விழுந்தவர்' என்றுதான் இருக்கிறது." எழுதக் கை கூசவில்லையா? குறுவை அறுவடை நேரத்தில் என் மைத்துனர் இரவில் மோட்டார் சைக்கிளோடு நெல்லில் சறுக்கினார். முழங்கைக் காயத்துக்குள்ளிருந்து செவிலியர் நெல்மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். பதிவேட்டில் எழுதியதோ "கீழே விழுந்தவர்". திண்ணையிலிருந்து உருண்டவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

மன்னை மைந்தன்: எழுதியவன் நான்தான். மோதிய வண்டி எது? சொல்லுங்கள்.

பதிவேட்டுப் பணியாளர்: மோத வேண்டிய அவசியமே இல்லை ஐயா. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பில், மோதாமல் சறுக்கி விழும் மோட்டார் சைக்கிள்காரருக்கு வி28 என்று தனிக் குறியீடே உண்டு. போக்குவரத்து விபத்துப் பிரிவில்தான் வருகிறது. அடிபட்ட விதம், நேரம், 3 முதல் 15 வரையிலான நினைவுநிலை மதிப்பெண், சிகிச்சை எவ்வளவு அவசரம் என்பதைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை வகை எல்லாம் பதிவாக வேண்டும். மருத்துவமனைக்கு வராமலே இறந்தவர் இதில் பெரும்பாலும் இருக்கமாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மன்னை மைந்தன்: குறியீடு கிடக்கட்டும். மோதிய வண்டி எது?

வெண்ணாற்றங்கரையான்: வண்டி, வண்டி என்று கிளிப்பிள்ளை போல! 2021இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். யாருக்கு? சாலை விபத்தில் சிக்கியவருக்கு. "கீழே விழுந்தவர்" என்று ஒருவர் கிறுக்கினால் பணம் யார் கட்டுவது, நீங்களா? அந்தச் சாலையில் நெல் கொட்டுவதைத் தடுக்க நாளை யாராவது கணக்குக் கேட்டால், அங்கே விபத்தே நடக்கவில்லை என்று இதே பதிவேடு சொல்லும். அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வருவீர்கள்.

மன்னை மைந்தன்: ஆக, குற்றவாளி விவசாயி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். களம் இல்லாதவன் நெல்லைத் தலையிலா காயவைப்பான்? கரும்பு போட்டவர்களுக்கு இது புரியாது.

வெண்ணாற்றங்கரையான்: என் தாத்தா காலத்திலிருந்து நெல்தான். கரும்புப் பேச்சை மாவட்டப் பிரிப்பு விவாதத்திலேயே ஆரம்பித்துவிட்டீர்கள், இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

குடந்தைவாசி: எங்கள் பக்கம் தலையில் பலத்த அடிபட்டால் தஞ்சாவூருக்கு அனுப்புகிறார்கள். எந்த மருத்துவமனை சேர்ந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள்? முதலாவதா, இரண்டாவதா?

பதிவேட்டுப் பணியாளர்: இரண்டையும் எழுத வேண்டும். அப்போதுதான் தாமதம் எங்கே என்று...

வெண்ணாற்றங்கரையான்: அதை அப்புறம் பேசலாம். "கீழே விழுந்தவர்" என்று எழுதியது சரியா, தவறா? அதற்குப் பதில் வரட்டும்.

மன்னை மைந்தன்: மோதிய வண்டியைக் காட்டுங்கள், பதில் வரும். குடந்தைக்காரர்கள் மகாமகத்தைச் சொல்லியே ரயில், சாலை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மருத்துவக் கல்லூரிக்கு அடிபோடுகிறார்கள்.

குடந்தைவாசி: திருவாரூருக்கு ஒன்று கிடைத்தபோது இந்தக் கணக்கு எங்கே போயிருந்தது ஐயா?