மறு: ‘ரெயில்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (பழைய மின்வழங்கி கையேடு)

ஜார்ஜ்டவுனிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

கணினியின் பழைய பவர் சப்ளையைப் பார்த்து வாங்குவதற்கு நாம் எழுதும் கையேட்டில் ஒரு சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பவர் சப்ளைக்கு ‘மின்வழங்கி’ என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. ‘ரெயில்’தான், அதாவது மின்வழங்கி தரும் 12, 5, 3.3 வோல்ட் வெளியீடுகளில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பெயர்தான், இழுத்துக்கொண்டிருக்கிறது. பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு மின்வழங்கிப் பெட்டியைக் கையில் எடுப்பவர் முதலில் படிக்கவேண்டிய வரியே அதுதான் என்பதால், இதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

பெட்டியின் மேல் 500 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். இன்றைய கணினியில் செயலியும் கிராஃபிக்ஸ் அட்டையும் 12 வோல்ட்டைத்தான் இழுக்கின்றன. ஆகவே அந்தப் பெட்டியை 216 வாட் சரக்காகவே மதிக்கவேண்டும். 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர் என்று தாராளமாகவும் 12 வோல்ட்டுக்குக் குறைவாகவும் இருந்தால் வடிவமைப்பே பழையது.

வரைவில் ‘மின்தடம்’ என்று எழுதியிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

செந்தூலிலிருந்து:

வணக்கம். ‘மின்தடம்’ வேண்டாம். சர்க்கியூட் பலகையில் ஓடும் செம்புக் கோட்டைத் தடம் என்றுதான் எழுதிவருகிறோம். “12 வோல்ட் தடம் கருகிவிட்டது” என்றால் பலகையில் கோடு கருகியதா, வெளியீடே போய்விட்டதா என்று படிப்பவர் குழம்புவார்.

என் தேர்வு ‘கிளை’. 12 வோல்ட் கிளை, 5 வோல்ட் கிளை, 3.3 வோல்ட் கிளை. மின்வழங்கிக்குள் நடப்பதும் அதுதான். பழைய மலிவு வகையில் 12-உம் 5-உம் ஒரே டிரான்ஸ்பார்மரில் பிறந்து, ஒரே பெரிய வளையச் சுருளைப் பகிர்ந்து, ஒரே கட்டுப்பாட்டில் ஓடுகின்றன. ஒரு கிளையில் பாரம் ஏற்றினால் மற்றது ஆடும். புதிய வகையில் 12 வோல்ட்தான் அடிமரம். 5-உம் 3.3-உம் நிமிர்ந்து நிற்கும் சின்னப் பலகைகளில் அதிலிருந்தே பிரிகின்றன. காற்றுத் துளை வழியே டார்ச் அடித்தால் எந்த வகை என்று ஓரளவு தெரியும்.

சோதனையையும் கையேட்டில் சேருங்கள். மின்வழங்கியை இயக்கும் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்து, காற்றாடி சுற்றியதும் “நல்லா இருக்கு” என்று விற்கிறார்கள். பாரமே இல்லாமல் ஓடுவது எதற்கும் சான்றாகாது. காடி (கார்) முன்விளக்கு பல்பு, 12 வோல்ட் 55 வாட், மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். மூன்றையும் ஒரே முனையில் (கனெக்டரில்) மாட்டினால் முனை சூடாகி உருகும். ஒரு முனைக்கு ஒரு பல்பு, மஞ்சள் (12 வோல்ட்) கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே. ஒவ்வொன்றாகத்தான் சேர்க்கவேண்டும், ஏனென்றால் குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். நல்ல மின்வழங்கிகூடப் பாதுகாப்புக்காக நின்றுவிடும். அதைப் பழுது என்று எண்ணி ஒதுக்கிவிடக்கூடாது.

பல்பு எரியும்போதே மல்ட்டிமீட்டரால் அளக்கவேண்டும். 12 வோல்ட் கிளை 11.40-க்கும் 12.60-க்கும் இடையே, 5 வோல்ட் கிளை 4.75-க்கும் 5.25-க்கும் இடையே, 3.3 வோல்ட் கிளை 3.14-க்கும் 3.47-க்கும் இடையே. 12 இறங்கி 5 ஏறினால் பகிர்ந்த சுருள் வகை, பாரம் தாங்கவில்லை. பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சூடானபின் சரிவது பெரும்பாலும் கப்பாசிட்டர் (மின்தேக்கி) உள்ளே வறண்டதன் அடையாளம்.

பிறையிலிருந்து:

செந்தூல் அண்ணன் சொன்ன ‘கிளை’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, 12 வோல்ட்-1, 12 வோல்ட்-2 என்று அட்டவணையில் பிரித்துப் போடுவது. 2003-இல் வந்த ஏடிஎக்ஸ் 12 வோல்ட் 2.0 என்ற மின்வழங்கித் தர விதிகளோடு பரவிய வழக்கம் இது. ஒரு கம்பித்தொகுதியில் 240 வாட்டுக்கு மேல் ஓடக்கூடாது என்று அப்போது இருந்த பாதுகாப்பு எல்லைதான் காரணம். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரே 12 வோல்ட் மூலம்தான். மின்னோட்ட எல்லை மட்டும் தனித்தனி. இரண்டையும் கிளை என்றால் 18-ஐயும் 18-ஐயும் கூட்டி 36 ஆம்பியர் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அட்டவணையின் கீழே கூட்டு உச்சம் 360 வாட் என்று இருந்தால் கிடைப்பது 30 ஆம்பியர்தான். இவற்றுக்கு ‘உட்கிளை’ என்போம். கூட்டு உச்சமே போடாத அட்டவணை ஒட்டியை நம்பவேண்டாம்.

இரண்டாவது, ஊதாக் கம்பியில் வரும் 5 வோல்ட். கணினி அணைந்திருந்தாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். தனி டிரான்ஸ்பார்மர், தனிச் சுற்று. கிளை என்று சொன்னால் பொய். ‘விழிப்பு மின்’ எனலாம். ஓய்வே இல்லாததால் பழைய அலகில் முதலில் தேய்வதும் இதுதான். சில பழைய வடிவமைப்புகளில் இதன் சிறு கப்பாசிட்டர் வறண்டதும் 5 வோல்ட் கட்டுமீறி ஏறி மதர்போர்டையே கொன்றுவிடும். ஆகவே பச்சைக் கம்பியைத் தொடுமுன்பே ஊதாவை அளக்கச் சொல்லுங்கள். 5.25-ஐத் தாண்டினால் அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும்.

இன்னொன்றும் முக்கியம்: மல்ட்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். 12 வோல்ட்டின் மேல் ஏறி நிற்கும் சிற்றலை (வேகமான சிறு ஏற்ற இறக்கம்) 120 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கவேண்டும், 5-இலும் 3.3-இலும் 50-க்குள். அதைப் பார்க்க, அலை வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். கையேடு இதை மறைக்கக்கூடாது. பல்பு சோதனையில் தேறியது முழுச் சான்றிதழ் அல்ல.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

நன்றி. ‘கிளை’, ‘உட்கிளை’, ‘விழிப்பு மின்’ மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். பல்பு சோதனைக்கு முன் வரும் பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“பின்புறம் 115/230 என்ற சிவப்பு விசை இருந்தால், செருகுமுன் 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-இல் வைத்து நம் வீட்டு மின்சாரத்தில் போட்டால், 200 வோல்ட் தாங்கும் இரண்டு உள்ளீட்டுக் கப்பாசிட்டர்களுக்கும் தலா 300-க்கு மேல் ஏறி வெடிக்கும். மூடியைத் திறக்கவேண்டாம், செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். டார்ச் வெளிச்சத்தில் உப்பிய கப்பாசிட்டர் தலை, மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டிச் சுருளுக்குப் பதில் வெறும் கம்பித் துண்டு, கடற்கரை வீட்டுப் பெட்டியாக இருந்தால் துரு, இவற்றைத் தேடுங்கள். மதர்போர்டில் செருகும் 24 ஊசி முனையில் மஞ்சள் கம்பிகளின் துளை பழுப்பேறியிருந்தால் வேண்டாம்.

கம்பி கழற்றும் வகையென்றால் அதனுடைய கம்பிகளையும் சேர்த்து வாங்குங்கள். வேறொரு நிறுவனத்தின் கம்பி முனையில் பொருந்தும். ஆனால் மின்வழங்கிப் பக்கம் கிளைகளின் வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 போய் ஹார்ட் டிஸ்க் எரியும். கம்பி இல்லாத மின்வழங்கி எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.”

அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றிய டெல்டா, லைட்-ஆன் நிறுவனப் பெட்டிகளுக்குத் தனிப் பத்தி வேண்டும். 300 வாட் என்றால் அவை பெரும்பாலும் 300 வாட்டே தரும். ஆனால் 24 ஊசிக்குப் பதில் சொந்த முனை இருந்தால் சாதாரண மதர்போர்டில் ஏறாது. அந்தப் பத்தியைச் செந்தூல் அண்ணன் எழுதித்தர இயலுமா?