மலைப்பாதையில் டர்போ எஞ்சினும் எயார் பில்டரும்: அனுபவப் பகிர்வு

தலவாக்கலையிலிருந்து:

1,000 சீசீக்கு உட்பட்ட கார்களுக்கு வரி குறைவு என்பதால் எங்கள் பக்கத்திலும் மூன்று சிலிண்டர் டர்போ கார்கள் பெருகிவிட்டன. டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. என்னுடையதும் 996 சீசீ பெற்றோல் எஞ்சின்தான். கம்பளை வரை எந்தக் குறையும் காட்டாத கார், றம்பொடை வளைவுகளைத் தாண்டி நுவரெலியாவை நெருங்கும்போது மூன்றாம் கியரில் இழுவை குறைந்து தளரத் தொடங்கியது. பெரிய பில்டர் போடச் சொன்னவர்களும் உண்டு, பில்டர் பெட்டியையே கழற்றிவிட்டு, பொனற்றுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு வடிவக் கோன் பில்டர் மாட்டச் சொன்னவர்களும் உண்டு. காசைச் செலவழிக்கும் முன் காற்று எந்த இடத்தில், எவ்வளவு தடைப்படுகிறது என்று அளந்து பார்க்க நினைத்தேன்.

அதற்கு மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயே போதும். அதை நடுவில் வளைத்து, இரண்டு கால்களும் நிமிர்ந்து நிற்கும்படி பலகையில் கட்டி, பாதியளவு பிளேன்டீ ஊற்றினேன். வெறும் தண்ணீரின் மட்டம் ஓடும் காருக்குள் கண்ணுக்குப் பிடிபடாது. சாயத்துக்கு நம் ஊரில் பஞ்சமும் இல்லை. குழாயின் ஒரு முனையைத் திறந்தபடி விட்டு, மறு முனையைப் பில்டருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயில் இணைத்தேன். மட்ட வேறுபாடு 10 சென்ரிமீற்றர் என்றால் தடை ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். கால்கள் ஒரு மீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் தேநீரை டர்போ குடித்துவிடும். பக்கத்து இருக்கையில் என் தம்பி பலகையைக் காரின் குறுக்காகப் பிடித்துக்கொண்டான். அப்படிப் பிடித்தால் ஏற்றத்தின் சாய்வு அளவைக் கெடுக்காது. வளைவுகள் கெடுக்கும் என்பதால் நேரான துண்டுகளில் எடுத்த அளவுகளை மட்டுமே வைத்துக்கொண்டோம்.

முழுதாக மிதித்து, நிமிடத்துக்கு 4,000 சுற்றில், பழைய பில்டருடன் வேறுபாடு 37 சென்ரிமீற்றர். கம்பனி அளவிலேயே புதுப் பில்டர் தாள் போட்டதும் அது 22 ஆகக் குறைந்தது. பிறகு பெட்டியின் தூசிப் பக்கத்தில், அதாவது காற்று தாளைத் தொடுவதற்கு முன்பே அளந்தபோது 14 காட்டியது. அப்படியானால் புதுத் தாளின் பங்கு 8 சென்ரிமீற்றர்தான். மீதி முழுவதும் வெளிக்காற்றைப் பெட்டிக்குக் கொண்டுவரும் முன்குழாயின் பங்கு. எல்லோரும் பழி சொல்லும் தாள், புதிதாக இருக்கும்வரை பெரிய குற்றவாளி இல்லை.

கம்பளையில் தெரியாதது மேலே ஏன் தெரிகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 81. எஞ்சினுக்குள் 200 கிலோபாஸ்கல் தனியழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம்) வேண்டுமென்று வைத்துக்கொண்டால், கீழே டர்போ காற்றை 1.98 மடங்கு அமுக்கினால் போதும், மேலே 2.47 மடங்கு அமுக்க வேண்டும். பில்டர் வழியில் 4 கிலோபாஸ்கல் இழந்தால் கீழே அது 2.06 ஆகவும் மேலே 2.60 ஆகவும் கூடுகிறது. அதே அடைப்பு மேலே அதிகச் சுமையாகிறது. கீழே வேஸ்ட்கேட் (டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிடும் கதவு) இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டு பூஸ்டை, அதாவது டர்போ தரும் மேலதிக அழுத்தத்தை, சரிசெய்துவிடுவதால் ஓட்டுபவருக்கு எதுவும் புலப்படாது. நானுஓயாவில் அது ஏற்கெனவே பெரும்பாலும் மூடியிருக்கும்; டர்போவின் சுழற்சி வேகம் எல்லை மீறாதபடி எஞ்சின் கணினியும் பூஸ்டைக் கட்டுப்படுத்தும். ஈடுசெய்யக் கையிருப்பு இல்லாதபோதுதான் பில்டரின் அடைப்பு இழுவையில் தெரிகிறது.

கோன் பில்டரை நான் தவிர்த்ததும் இதே கணக்கால்தான். முன்குழாயின் தடை முழுவதையும் நீக்கினாலும் மிச்சமாவது 1.4 கிலோபாஸ்கல், அதாவது மேலேயுள்ள காற்றழுத்தத்தில் இரண்டு வீதத்துக்கும் குறைவு. ஆனால் 20 பாகை வெளிக்காற்றுக்குப் பதிலாக பொனற்றுக்குள் 45 பாகைக் காற்றை இழுத்தால் அடர்த்தி சுமார் 8 வீதம் குறைகிறது. டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும் என்பது உண்மைதான். ஆனாலும் ஏற்றத்தில் மெதுவாக ஊரும் காரின் இன்டர்கூலருக்குக் கிடைக்கும் காற்றை நம்பி நான் அந்தப் பந்தயத்தில் இறங்க மாட்டேன்.

மஸ்கெலியாவிலிருந்து:

தலவாக்கலைத் தம்பி தார் ரோட்டுக் கணக்கை எழுதியிருக்கிறார். தோட்டத்து மண் ரோட்டில் டர்போ டீசல் வான் ஓட்டும் எனக்குப் பில்டரின் அளவு வேறொரு காரணத்துக்காக முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரையான வெயிலில், கொழுந்து லொறி ஒன்றின் பின்னால் போனாலே தாளின் மடிப்புகளுக்குள் செம்மண் படிந்துவிடும். தாளின் பரப்பு இருமடங்கானால் அதன் ஊடாகச் செல்லும் காற்றின் வேகம் பாதியாகிறது. தாளில் ஏற்படும் தடையும் ஏறக்குறைய பாதியாகிறது. அடைபடும்வரை தாங்கும் தூசியோ இருமடங்குக்கும் மேலாகிறது. ஆகையால் பெரிய பெட்டி எனக்குத் தருவது வேகத்தை அல்ல, ஆயுளை. கன டீசல் எஞ்சின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 25 அங்குல நீர்மட்டம், அதாவது சுமார் 63 சென்ரிமீற்றர். லொறிகளின் பெட்டியில் சிவப்புக் காட்டும் சிறு மானி அந்த அழுத்தத்தைத்தான் அறிவிக்கிறது. அப்படியொன்றை வாங்கி வானில் பொருத்தியிருக்கிறேன்; சிவப்பு வரும்வரை பில்டரைத் தொடுவதில்லை.

தொடாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. சேர்விஸ் செய்யக் கொடுத்த ஓரிடத்தில் தாளைக் கம்பிரசர் காற்றால் ஊதி, சுத்தமாகிவிட்டது என்று திருப்பிப் போட்டிருந்தார்கள். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது மடிப்பின் முனையில் ஊசிமுனை அளவில் ஒளி தெரிந்தது. பெட்டியின் சுத்தப் பக்கத்தை விரலால் தடவினால் மாவாகச் செம்மண். அந்தத் தூசி டர்போவின் கம்பிரசர் சக்கரத்தின் இதழ் விளிம்புகளை அரித்து, பிறகு சிலிண்டருக்குள் போகும். புதுத் தாளின் விலை டர்போவின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பெரிய பில்டர் போட விரும்புபவர்கள் ரப்பர் விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக அழுந்துகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக உட்காராவிட்டால் பரப்பு எத்தனை மடங்கானாலும் காற்று தாளைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

ஹட்டனிலிருந்து:

கராஜ் வைத்திருப்பவன் என்ற முறையில் மழைக்காலம் பற்றிச் சிறிது. தென்மேல் பருவமழையில் முன்குழாயின் வாயில் நனைந்த இலைகள் ஒட்டிக்கொள்கின்றன. தாளும் நீரில் ஊறி வீங்குகிறது. வெயிலில் 22 சென்ரிமீற்றர் காட்டிய கார் மழையில் அதைவிட அதிகம் காட்டினால், புதுத் தாள் வாங்கும் முன் முன்குழாயைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் தடவும் துணிப் பில்டர் போட்டவர்கள் எண்ணெயை அளவோடு தடவ வேண்டும். கூடினால் அது காற்றோட்ட உணரியின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் குழப்பும்.

தலவாக்கலை நண்பரைப் பார்த்து அளக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துளையிடுவதானால் குழாயைக் கழற்றி வெளியே வைத்துத் துளையிடுங்கள். உள்ளே விழும் பிளாஸ்டிக் சீவல் நேரே டர்போவுக்குத்தான் போகும். அளந்து முடிந்ததும் அந்தத் துளையை இறுக மூடிவிடுங்கள். திறந்திருந்தால் வடிகட்டாத காற்றும், உணரி அளக்காத காற்றும் ஒரே வழியாக உள்ளே போகும்.