பழவேற்காட்டில் தூண்டில் நரம்பு சிக்கிய கூழைக்கடா: பிடிக்க வழி வேண்டும்

பழவேற்காடு ஏரிக்கரையில், படகு வந்து மீன் வெட்டும் இடத்துக்கு வரும் ஒரு கூழைக்கடாவின் காலில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறது. பொங்கலுக்கு முந்தைய வாரத்திலிருந்து பார்க்கிறோம். நரம்பு இடது காலில் இறுகி, மறுமுனை அலகுக்குக் கீழே உள்ள பையில் மாட்டியிருக்கிறது. தலையை நிமிர்த்தும்போதெல்லாம் காலும் சேர்ந்து இழுபடுகிறது. கால் வீங்கிவிட்டது. வெட்டிப் போடும் மடவை மீனின் குடலுக்கும் செவுளுக்கும் மற்றவை முண்டியடிக்க, இது பின்னால் நொண்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. ஆனால் இன்னும் பறக்கிறது, அதுதான் சிக்கல்.

முழு மீனைப் போட்டுப் பார்த்தோம்; கைக்கெட்டும் தூரம் வந்ததும் எழும்பிவிடுகிறது. வீச்சு வலை வீசலாம் என்றார் படகுக்கார அண்ணன். இறக்கை முறிந்துவிடுமோ என்று நான் வேண்டாம் என்றேன். வனத்துறைக்கும் தகவல் சொல்லியாயிற்று. அவர்களும் வந்து முயன்றார்கள், பிடிபடவில்லை. காலையில் படகு திரும்பும் நேரத்துக்குத் தவறாமல் வருகிறது; அப்புறம் எங்கே போய்த் தங்குகிறது என்று தெரியவில்லை.

பறக்கக்கூடிய கூழைக்கடாவை இறக்கைக்குச் சேதமில்லாமல் பிடித்த அனுபவம் உள்ளவர்கள், எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?