அப்டேட் நடுவுல கரண்ட் போயிட்டு, லேப்டாப் ஏறமாட்டேங்கு. பென்டிரைவ் வச்சி சரி பண்ண முடியுமா?

கல்லிடை_பையன்:
அண்ணாச்சிமாரே அவசரமா ஒரு உதவி. அப்பாவுக்கு அப்பள யாவாரம், கணக்கு முழுக்க ஒரு லேப்டாப்ல டேலிங்கிற கணக்கு சாப்ட்வேர்ல கெடக்கு, விண்டோஸ் 11. பேட்டரி எப்பவோ படுத்துட்டு, சார்ஜர்லயேதான் ஓடும். முந்தாநாளு ராத்திரி அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிட்டு, அதுலருந்து ஆன் பண்ணா ஆட்டோமேட்டிக் ரிப்பேர்னு வருது, கொஞ்சநேரம் சுத்துது, ரீஸ்டார்ட் ஆவுது, திரும்ப அதேதான். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில காட்டுனோம், பார்மட்தான் அடிக்கணும் டேட்டா போனா நாங்க பொறுப்பில்லன்னுட்டாவ. வேற எங்கயும் காப்பி இல்ல, 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாகணும், அப்பா சரியாச் சாப்பிடவே இல்ல. சித்தப்பா வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, கையில 16 ஜிபி பென்டிரைவ் இருக்கு. எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க.

பாளை_சர்வீஸ்:
தம்பி, பார்மட் பேச்ச இப்போதைக்கு விடுங்க. அப்டேட் பாதியில நின்னா பெரும்பாலும் விண்டோஸ் பைல்தான் கெட்டிருக்கும், உங்க கணக்கு அப்படியே டிஸ்க்ல இருக்கும். முதல்ல கணக்க வெளிய எடுக்கணும், ரிப்பேர் பொறவு.

சித்தப்பா கம்ப்யூட்டர்ல மைக்ரோசாப்ட் சைட்டுக்குப் போயி விண்டோஸ் 11 மீடியா கிரியேஷன் டூல் எறக்கி ஓட்டுங்க, அது பென்டிரைவ்ல விண்டோஸ் செட்டப்ப ஏத்தித் தரும். 8 ஜிபி பென்டிரைவ் போதும், உங்க 16 தாராளம், ஆனா உள்ள இருக்கது எல்லாம் அழிஞ்சிரும். 4 ஜிபிக்கு மேல எறங்கும், அதனால மொபைல் டேட்டாவ நம்பாம வைஃபை இருக்க இடமாப் பாத்து உக்காருங்க. கடையில யாராச்சும் "எல்லா விண்டோஸும் ஒண்ணா இருக்கு"ன்னு ஐஎஸ்ஓ (விண்டோஸ் செட்டப் ஃபைல்) குடுத்தா வாங்காதீங்க, கணக்கு இருக்க மிஷின்ல அத சொருகவே கூடாது.

கணக்க எடுக்க இன்னொரு பென்டிரைவும் வேணும். ரெண்டையும் சொருகிட்டு ஆன் பண்ண உடனே பூட் மெனு கீய தட்டிக்கிட்டே இருங்க, எதுலருந்து ஏறணும்னு கேக்கும், செட்டப் ஏத்துன பென்டிரைவக் காட்டுங்க, டெல், லெனோவால எஃப்12, ஹெச்பில எஃப்9, அசுஸ் லேப்டாப்ல எஸ்கேப். செட்டப் வந்ததும் இன்ஸ்டால்னு இருக்கத மட்டும் அமுக்கிராதீங்க. புது செட்டப்ல மொழி, கீபோர்டு கேட்ட பொறவு "ரிப்பேர் மை பிசி"ன்னு ஒண்ணு இருக்கும், பழசுல இடது பக்கம் கீழ ஓரத்துல இருக்கும். அதுல ட்ரபுள்ஷூட் போயி கமாண்ட் பிராம்ட் திறங்க.

கருப்பு ஜன்னல் வரும், அதுல நோட்பேட்னு இங்கிலீஷ்ல அடிச்சி என்டர் தட்டுங்க. ஃபைல், ஓப்பன் போயி கீழ டெக்ஸ்ட் ஃபைல்னு இருக்கத ஆல் ஃபைல்ஸ்னு மாத்துனா எல்லா டிரைவும் அங்கனயே தெரியும். டேலி டேட்டா அநேகமா யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டான்னு போனா இருக்கும், வெறும் நம்பர் பேருல போல்டர். அந்த டேட்டா போல்டர ரைட் கிளிக் பண்ணி காப்பி, ரெண்டாவது பென்டிரைவ்ல பேஸ்ட். எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு ஒண்ணும் காட்டாது, ஜன்னல் செத்த மாதிரி நிக்கும், அதப் பாத்து ஆஃப் பண்ணிராதீங்க, பொறுமையா இருங்க. சில மிஷின்ல சி டிரைவ் அங்கன டி டிரைவ்னு தெரியும், எழுத்தப் பாக்காம உள்ள என்ன இருக்குன்னு பாருங்க.

அம்பை_அக்கா:
தம்பி, பிட்லாக்கர்னு டிரைவப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி ஆன்ல இருந்தா டிரைவுக்குள்ள நுழையவே விடாது, 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அப்பாவோட மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல போன்லருந்தே லாகின் பண்ணி அத மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருங்க. நெறைய பேருக்கு பிட்லாக்கர் ஆன்ல இருக்கதே தெரியாது, விண்டோஸ் தானாப் போட்டுவச்சிரும்.

கல்லிடை_பையன்:
அக்கா, அப்பா அக்கவுண்ட்ல கீ ஒண்ணும் இல்ல, இங்கயும் கேக்கல. ஆனா டிஸ்கே காட்டல! நோட்பேட்ல ரெண்டு பென்டிரைவும் எக்ஸ்னு ஒரு டிரைவும் மட்டும் இருக்கு. டிஸ்க் போயிட்டோ?

பாளை_சர்வீஸ்:
பதறாதீங்க. எக்ஸ்ங்கிறது செட்டப்போட தற்காலிக டிரைவுதான். இன்டெல் 11ஆம் தலைமுறையிலருந்து வந்த நெறைய லேப்டாப்ல டிஸ்க்க நடத்துற விஎம்டின்னு ஒரு அமைப்பு இருக்கு, செட்டப்புக்கு அந்த டிரைவர் சாப்ட்வேர் இல்லாம எஸ்எஸ்டி டிஸ்க் கண்ணுக்குத் தெரியாமப் போறது உண்டு. லேப்டாப் கம்பெனி சைட்டுல உங்க மாடலப் போட்டு இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர எறக்கி, பிரிச்சி, பென்டிரைவ்ல ஒரு போல்டர்ல போடுங்க. கமாண்ட் பிராம்ட்ல டிஆர்விலோட்னு இங்கிலீஷ்ல அடிச்சி, ஒரு இடம் விட்டு, அந்த போல்டர்ல ஐஎன்எஃப்னு முடியுற டிரைவர் ஃபைலோட முழுப் பாதையக் குடுங்க. பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற லேப்டாப் செட்டிங்ஸ்) போயி விஎம்டிய ஆஃப் பண்ணுங்கன்னு யூடியூப்ல சொல்லுவாவ, அத இப்ப தொடவேண்டாம், அத மாத்திட்டா இருக்க விண்டோஸ் ஏறாம அது வேற ஒரு சிக்கலாயிரும்.

கல்லிடை_பையன்:
டிரைவர் போட்டதும் டிஸ்க் வந்துட்டு!! டேட்டா போல்டர் முழுசும் காப்பி ஆயிட்டு, சித்தப்பா கம்ப்யூட்டர்ல வச்சி டேலி திறந்து பாத்தாச்சி, இந்த மாச பில்லு வரைக்கும் இருக்கு. அப்பா இப்பத்தான் சிரிச்சாவ. இனி விண்டோஸ என்ன செய்ய?

மேலப்பாளையம்_பாய்:
அல்ஹம்துலில்லாஹ், கணக்கு வந்துட்டுல்லா, இனி பயமில்ல. அதே ட்ரபுள்ஷூட்ல அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கும், அதுல மாசாமாசம் வர்ற குவாலிட்டி அப்டேட்ட மொதல்ல கழட்டிப் பாருங்க, கரண்ட் போன அப்டேட் அதுவாத்தான் இருக்கும். ஆகலன்னா ஸ்டார்ட்அப் ரிப்பேர். அதுவும் ஆகலன்னா பிசிடிபூட்னு ஒரு கமாண்ட் இருக்கு, பூட் ஃபைல புதுசா எழுதும், அந்த நெலமை வந்தா ஸ்கிரீன போட்டோ எடுத்துப் போடுங்க, பாத்துச் சொல்லுதேன். சும்மா அடிச்சிப் பாக்காதீங்க. அப்புறம் பென்டிரைவ்லருந்து பூட் பண்ணி இன்ஸ்டால் போனா புரோகிராம அப்படியே வச்சி அப்கிரேட் பண்ண விடாது, அது விண்டோஸுக்குள்ள இருந்து ஓட்டுனாத்தான் நடக்கும்.

கல்லிடை_பையன்:
குவாலிட்டி அப்டேட் கழட்டுனதுலயே ஏறிட்டு பாய்! ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடையில விண்டோஸ் 10ல ஒரு பழைய டெஸ்க்டாப்பும் இருக்கு, இதே பென்டிரைவ் அதுக்கும் ஆவுமா?

பாளை_சர்வீஸ்:
ஃபைல் காப்பிக்கு ஆவும், ரிப்பேர், இன்ஸ்டால் பண்ணனும்னா 10க்கு தனியா பண்ணுங்க. ஆனா 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிட்டு, அதுல பேங்க் வேலை, ஜிஎஸ்டி லாகின் எதுவும் வேண்டாம். லேப்டாப்புக்கு பேட்டரி மாத்திட்டு அப்டேட்ட ஓட விடுங்க தம்பி.