புதுப்பிப்பு: சென்னையில் தினமும் ஓட்ட எந்த சைக்கிள்? டயரில் ஒரு திருத்தம்

ஆபீஸ் போய்வர முன்பக்க சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்) இல்லாத ஹைப்ரிட் (ரோடு சைக்கிளும் மலைப் பாதை சைக்கிளும் கலந்த வகை) போதும், 700x35 டயர் (35 என்பது மி.மீ.-ல் அகலம்) போடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். சஸ்பென்ஷன் விஷயத்தில் மாற்றமில்லை. மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) எடையைக் கூட்டும். எழுந்து நின்று மிதித்தால் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடும்.

டயரைத்தான் மாற்றிச் சொல்கிறேன்: 38 அல்லது 40 வாங்குங்கள். மெட்ரோ வேலைக்குத் தோண்டிய சாலைகளில், 35-ல் காற்று கொஞ்சம் இறங்கினாலே பள்ளத்தின் விளிம்பு ட்யூபை ரிம்மோடு நசுக்கிவிடும். பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் காரணம் இதுதான், ஆணி அல்ல. 70 கிலோ ஆளுக்கு 40 டயரில் பின்னால் 50–55, முன்னால் 45 பிஎஸ்ஐ காற்றழுத்தம் சரியாக இருக்கும். வாங்கும் முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் மழைக்காலத்தில் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் உரசும்.

26 இன்ச் பற்றிக் கேட்டவர்களுக்கு: அந்தப் பெயரில் பல அளவு உண்டு, இரண்டைச் சொல்கிறேன். எம்டிபியின் (மலைப் பாதை சைக்கிள்) 26x1.95-க்கு டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 559 மி.மீ.; லேடீஸ் சைக்கிளில் வரும் 26x1⅜-க்கு 590. ஒன்றின் டயர் மற்றதில் உட்காரவே உட்காராது. கடைக்குப் போகும்போது பழைய டயரின் பக்கவாட்டில் அச்சான எண்ணை (37-590 மாதிரி) போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

வால்வு ஷ்ரேடராக (பைக், கார் டயரில் இருக்கும் வகை) இருக்கட்டும். பைக்குக்கு அடிக்கும் குழாயிலேயே காற்று பிடிக்கலாம்.