கலைச்சொல் விவாதம்: ஜெரிமாண்டரிங் = தொகுதித் திரிப்பு?

குழுவினருக்கு வணக்கம்.

ஜெரிமாண்டரிங் என்பதைச் சிலர் "தொகுதி மறுவரையறை" என்றே எழுதுகிறார்கள். மறுவரையறை சட்டப்படி செய்தாக வேண்டிய வேலை. அந்த வேலையை ஆளுங்கட்சி தன் வெற்றிக்காகக் கோணலாகச் செய்வதற்குத் தனிச்சொல் வேண்டும். "தொகுதித் திரிப்பு" என்று முன்மொழிகிறேன்.

ஜெரிமாண்டரிங் என்ற சொல் பிறந்த தொகுதியிலேயே இதைச் சோதிக்கலாம். அமெரிக்க மாநிலமான மாசசூசெட்ஸின் செனட்டில் (மாநிலச் சட்டமன்றத்தின் ஓர் அவை) 40 இடங்கள். செனட் தொகுதிகள் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) எல்லைகளையே ஒட்டியிருப்பது வழக்கம். 1812 பிப்ரவரி 11 அன்று ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையொப்பமிட்ட சட்டம் அதை உடைத்தது. தெற்கு எஸ்ஸெக்ஸ் தொகுதி செல்சியில் தொடங்கி லின், மார்பிள்ஹெட், சேலம் வழியாகச் சென்று, ஆண்டோவர் பக்கம் வளைந்து, மெத்துவன், ஹேவரில் என வடக்கு விளிம்பைப் பிடித்து சாலிஸ்பரியில் முடிந்தது. கவுண்டியின் மற்ற ஊர்கள் அந்த வளைவுக்குள் அடைபட்டன. மார்ச் 26 அன்று பாஸ்டன் கெஜட் இதழ் சிறகும் நகமும் சேர்த்து விலங்காக வரைந்தது இந்தத் தொகுதியைத்தான்.

அவ்வாண்டு செனட் தேர்தலில் ஜெரி கட்சிக்கு 50,164 வாக்குகள், 29 இடங்கள்; எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளுக்கு 51,766 வாக்குகள், 11 இடங்கள். ஆளுநர் தேர்தலில் மாநிலம் முழுவதும் ஒரே களம், திரிக்க எல்லையே இல்லை. அதில் ஜெரி தோற்றார்.

———

> தொகுதித் திரிப்பு

ஐயா, "வரலாற்றுத் திரிப்பு" என்பதுபோல் இதையும் தொகுதியைப் பற்றிய பொய்த் தகவல் என்று படிக்க மாட்டார்களா? "எல்லைத் திரிப்பு" என்றால் நாட்டெல்லைத் தகராறு நினைவுக்கு வரும், அதுவும் வேண்டாம்.

எந்தச் சொல்லானாலும் அதன் இரு உத்திகளுக்கும் பெயர் தர வேண்டும். தொகுதிக்கு 100 வாக்கு வீதம் மூன்று தொகுதிகள் என்று கொள்வோம். எதிர்க்கட்சிக்கு மொத்தம் 160 வாக்குகள். ஒரு தொகுதியில் 80 பேரைக் குவித்துவிட்டு, மற்ற இரண்டில் 40, 40 எனச் சிதறடித்தால், பெரும்பான்மை வாக்கு பெற்ற கட்சிக்கு ஓர் இடம்தான் கிடைக்கும். எனவே "குவிப்பு", "சிதறடிப்பு". பேராசையோடு மிகக் குறைந்த முன்னிலையில் பல தொகுதிகளை அமைத்தால், சிறு வாக்குச் சரிவிலேயே அத்தனையும் கைவிட்டுப் போகும்.

செனட்டை "மேலவை" என்பதும் இங்கே குழப்பும். 1986-இல் கலைக்கப்பட்ட நம் தமிழ்நாட்டு மேலவையில் பட்டதாரி, ஆசிரியர் தொகுதிகள் இருந்தன. அமெரிக்க மாநில செனட்டர்களை எல்லா வாக்காளர்களும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். "செனட் தொகுதி" என்றே இருக்கட்டும்.

———

அம்மா சொன்ன குவிப்பும் சிதறடிப்பும் எனக்கு உடன்பாடே. திரித்தல் என்றால் கயிறு திரிப்பதும்தானே. முறுக்கி வளைத்தல் என்ற முதற்பொருளே இங்கே பொருந்துகிறது. "ஆளுங்கட்சி தொகுதிகளைத் திரித்தது" என வினையாகவும் இயல்பாக வருகிறது.

ஆனால் அலபாமா மாநில செனட்டுக்கு இச்சொல்லைப் போடக்கூடாது. அங்கே 1901-இல் பிரித்த தொகுதிகளை அறுபது ஆண்டுகள் மாற்றாமலே விட்டார்கள். 15,417 பேர் கொண்ட லவுண்டஸ் கவுண்டிக்கும் ஒரு செனட்டர், 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஜெஃபர்சன் கவுண்டிக்கும் ஒரு செனட்டர். ரெய்னால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்தது இதைத்தான். இங்கே யாரும் எல்லைக்கோட்டை வளைக்கவில்லை, கோடு அசையாததே அநீதி. இதற்கு "சமனிலா இடப்பகிர்வு" என்று தனிப்பதிவு போடுவோம்.