தனியாக ஒருவர் அட்டை பிடித்து நிற்கவும் போலீஸ் அனுமதி வேண்டுமா?

கணக்கு டீச்சர், வில்லிவாக்கம்:

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை நான். வயது 64. எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று பச்சை வண்ணம் அடித்துக் காட்டிய இடத்தில் இப்போது கம்பி வேலி போட்டு லாரிகளை நிறுத்துகிறார்கள். மனு கொடுத்துக் கொடுத்து ரசீதுகள்தான் ஒரு கோப்பு நிறையச் சேர்ந்திருக்கின்றன. ஆள் திரட்ட எனக்குத் தெம்பும் இல்லை, விருப்பமும் இல்லை. திரட்டினால் ஏதாவது ஒரு கட்சிக்காரர் வந்து மைக்கைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் பூங்கா போய்விடும், கொடிதான் நிற்கும்.

அதனால் சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் வாசலில், நடைபாதையில், ‘எங்கள் பூங்கா எங்கே?’ என்று எழுதிய அட்டையுடன் நான் ஒருத்தி மட்டும் காலையில் இரண்டு மணி நேரம் நிற்பதாக முடிவு செய்தேன். மரியாதைக்காகக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வரப் போனேன். ‘ஒருவரானாலும் நூறு பேரானாலும் கமிஷனர் அலுவலக அனுமதி வேண்டும். கிடைத்தாலும் வள்ளுவர் கோட்டத்தில்தான் நிற்க வேண்டும்’ என்றார் அங்கிருந்தவர். வில்லிவாக்கத்துப் பூங்காவைப் பற்றி வள்ளுவர் கோட்டத்தில் நின்று யாரிடம் கேட்பது?

ஒரே ஓர் ஆள் எந்தக் கணக்கில் கூட்டம் ஆவார்? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘இந்த வயதில் எதற்கு அம்மா’ என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதை என் மகன் தினமும் சொல்கிறான்.

அயனாவரம் வாசகன்:

அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு எல்லோருக்கும் பேச்சுரிமை தந்திருக்கிறது. அனுமதியெல்லாம் தேவையே இல்லை. தைரியமாகப் போய் நில்லுங்கள்.

எழும்பூர் வழக்கறிஞர்:

மேலே எழுதிய நண்பர் இதுவரை எங்கும் போய் நின்றதில்லை என்று நினைக்கிறேன். உரிமை இருக்கிறது என்பது சரி. உரிமை இருப்பவர்களையும் வேனில் ஏற்றுவார்கள்.

அம்மா, அந்தக் காவலர் மனதில் வைத்துப் பேசியது 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம், 41ஆவது பிரிவு. ஆர்ப்பாட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம், மனிதச் சங்கிலி எதுவானாலும் முன் அனுமதி வேண்டும் என்று கமிஷனர் ஆணை போடுவார். ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும். ஓர் ஆணை வழக்கமாகப் பதினைந்து நாள் செல்லும். அது முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆக, சென்னையில் வருடம் முழுவதும் ஏதோ ஓர் ஆணை நடப்பில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பிரிவு பேசுவது கூட்டத்தையும் ஊர்வலத்தையும். சட்டவிரோதக் கூட்டம் என்று பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 189ஆவது பிரிவு சொல்வதற்குக்கூட ஐந்து பேர் வேண்டும். நீங்கள் ஒருவர் நிற்பது ஒன்றுகூடும் உரிமையே அல்ல, 19(1)(அ) தரும் கருத்துரிமை. அட்டையும் ஒரு பேச்சுத்தான். இது என் வாசிப்பு. ஆணையில் ‘ஆர்ப்பாட்டம்’ என்று இருப்பதைக் காட்டி இன்ஸ்பெக்டர் வேறு மாதிரி வாசிப்பார். அந்த நேரத்தில் லத்தி அவரிடம்தான் இருக்கும்.

அதனால் எதில் மாட்டுவீர்கள் என்பதைப் பாருங்கள். முதலாவது பி.என்.எஸ். 285, பொதுவழிக்கு இடையூறு. 5,000 ரூபாய் வரை அபராதம். சுவரை ஒட்டி நின்று, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போக இடம் விட்டால் அதற்கு வேலை இல்லை. அடுத்தது 223, அரசு ஊழியரின் ஆணையை மீறுவது. பழைய இ.பி.கோ. 188தான் அது. 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இந்தக் குற்றத்துக்குக் காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். அப்படியும் போடுகிறார்கள். அதை ரத்து செய்ய நாங்கள் உயர் நீதிமன்றப் படி ஏறுகிறோம்.

நடைமுறையில் நடப்பது வேறு. பக்கத்தில் ஒரு திருமண மண்டபத்திலோ சமூகநலக் கூடத்திலோ உட்காரவைத்து மாலையில் அனுப்பிவிடுவார்கள். வழக்கை விட இதுதான் அவர்களுக்கு வசதி. உங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைக் கடந்தவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(7). சென்னையில் உதவி கமிஷனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதுச் சான்று கையில் இருக்கட்டும். தடுப்புக் கைது என்று அதே சட்டத்தின் 170ஆவது பிரிவில் அழைத்துப்போனால் இதையே நம்பி வாதாடாதீர்கள். அதற்கு 24 மணி நேர வரம்பு தனியாக இருக்கிறது.

அனுமதி கேட்டு மனுப் போடாதீர்கள். கேட்டால் மறுப்பார்கள், மறுத்த பிறகு நின்றால் மீறல் ஆகிவிடும். இந்தத் தேதியில், இந்த நேரத்தில், தனியாக, ஒலிபெருக்கி இல்லாமல் நிற்கப்போகிறேன் என்று தகவல் மட்டும் இன்ஸ்பெக்டருக்கும் உதவி கமிஷனருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அட்டையைக் கையில் பிடியுங்கள். மதில் சுவரில் ஒட்டினால் பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிடும். ‘கோரிக்கை நிறைவேறும் வரை உண்ணாவிரதம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயன்றதாகப் பி.என்.எஸ். 226 போடலாம், ஒரு வருடம் வரை சிறை.

தேக்கா மணி:

கீழ்ப்பாக்கத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். டீச்சரின் கேள்விக்கு இங்கே சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில் ஒருவர் தனியாக நடத்தும் ஆர்ப்பாட்டமும் ‘கூட்டம்’தான். சிரித்த முகம் வரைந்த அட்டையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட ஒருவர் மீது 2020இல் வழக்குப் போட்டார்கள். ஹொங் லிம் பூங்காவில் ஒரு பேச்சாளர் மூலை உண்டு, அதுவும் நிபந்தனைகளோடு.

ரஷ்யாவில் தலைகீழ். ஒற்றை ஆள் மறியலுக்கு முன்னறிவிப்பு வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஒருவர் போய் அடுத்தவர் வந்து நின்றால், எல்லோரையும் சேர்த்து ஒரே கூட்டமாக நீதிமன்றம் கருதலாம் என்று பிறகு சேர்த்துவிட்டார்கள். மீண்டும் மீண்டும் மீறினால் சிறை என்ற பிரிவில் இல்தார் தாதின் என்பவர் 2015இல் தண்டனை பெற்றார்.

மயிலாப்பூர் பழசு:

வழக்கறிஞர் உண்ணாவிரதத்தைப் பற்றிச் சொன்னதால் இது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபரில் இதே மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குள் படுத்துத்தான் உண்ணாவிரதம் இருந்தார். டிசம்பர் 15 அன்று உயிர் போனது. அடுத்த ஆண்டு ஆந்திர மாநிலம் வந்தது. சங்கரலிங்கனார் 1956இல் 76 நாள் பட்டினி கிடந்து இறந்தார், ‘தமிழ்நாடு’ என்ற பெயர் வர மேலும் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. தனி ஆள்தானே என்று எந்த அரசும் அலட்சியமாக இருந்துவிட முடியாது, அதனால்தான் இத்தனை பிரிவுகள். டீச்சர் அந்த வழிக்குப் போக வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு நில்லுங்கள்.

கணக்கு டீச்சர், வில்லிவாக்கம்:

எல்லோருக்கும் நன்றி. சாப்பிட்டுவிட்டுத்தான் நிற்பேன், எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள். தண்ணீர் பாட்டிலுடன் பேரன் பக்கத்தில் நின்றால் இரண்டு பேர் கணக்காகுமா? அந்த நடைபாதையில் பாதியை ஒரு டீக்கடை அடைத்திருக்கிறது. அதன் மேல் யாரும் 285 போட்டதாகத் தெரியவில்லை. மிச்சப் பாதியில் நான் நின்றால் இடையூறு நான்தானா?

எழும்பூர் வழக்கறிஞர்:

ஐந்துக்கு இன்னும் மூன்று பேர் குறைவுதான். ஆனாலும் பேரனைக் கூட்டிவராதீர்கள். சிறுவனைப் போராட்டத்துக்குப் பயன்படுத்தியதாக ஒரு பேச்சுக் கிளம்பும். ஆதரவு தெரிவிக்க வருகிறவர்களைச் சாலையின் எதிர்ப்பக்கம், கையில் எதுவும் இல்லாமல் நிற்கச் சொல்லுங்கள்.

டீக்கடைப் பக்கம் வேண்டாம். வாசலுக்கு மறுபுறம் நின்று, வழி விட்டிருப்பது தெரியும்படி யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீது கைப்பையில் இருக்கட்டும். வியாழனன்று எனக்கு வழக்குகள் அதிகம், தொலைபேசியை எடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை என்று எழுதிக் கடிதம் அனுப்புங்கள்.